நனைகிறாளா, நனைக்கிறாளா? பிறவிச் சிறுநீர்ப்பாதை மாறுபாடுகளும் அவற்றைச் சொல்லும் தமிழும்

‘பிள்ளை துணியை நனைக்கிறாள்.’ ‘பிள்ளை நனைந்துகொண்டே இருக்கிறாள்.’ இவ்விரு தொடர்களையும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதினால், முன்னது பிறவினை, பின்னது தன்வினை என்று மாணவர் உடனே சொல்லிவிடுவர். முதல் தொடரில் செய்பவள் பிள்ளை, துணி செயப்படுபொருள். இரண்டாம் தொடரில் பிள்ளை எதையும் செய்யவில்லை. அவளுக்கு ஒன்று நேர்ந்துகொண்டிருக்கிறது. ‘கொண்டே இரு’ என்னும் துணைவினை, அது இடையறாது நேர்வதையும் உணர்த்திவிடுகிறது. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் சிறுநீர்ப்பாதை பிறவியிலேயே மாறி அமைந்த ஒரு சிறுமியின் வீட்டார், இவ்விரண்டனுள் எத்தொடரை மருத்துவரிடம் சொல்கின்றனர் என்பதைப் பொறுத்து, அவள் நோய் நான்கு வயதில் கண்டறியப்படலாம். பதினான்கு வயதிலும் கண்டறியப்படலாம்.

நாம் மருத்துவர் அல்லோம். பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தமிழ்த் துணைவினைகளோடு கழித்தவர்கள். இத்தலைப்பில் பேச நேர்ந்ததற்கு உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தியே காரணம். அவளுக்கு அப்போது எட்டு வயது. தொட்டில் பருவத்திலிருந்தே அவள் துணி முழுமையாகக் காய்ந்திருந்ததில்லை. வீட்டில் மாலைக்குப் பிறகு தண்ணீர் கொடுக்காமல் பார்த்தனர், அதட்டினர், நேர்த்திக்கடனும் செய்தனர். பள்ளியில் வாடை வருகிறதென்று கடைசி வரிசைக்கு மாற்றப்பட்டாள். மருத்துவமனைக்கும் அழைத்துச் சென்றனர். அங்கே தாதி மலாயில் கேட்டார்; பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும்; உடன் சென்ற அண்டை வீட்டுப் பெண்மணி மொழிபெயர்த்தார். ‘எந்நேரமும் ஈரமாவே இருக்கா’ என்றார் பாட்டி. அப்பெண்மணிக்கு நாவில் எளிதாக வந்த மலாய்த் தொடர் ‘கென்சிங் மாலம்’. படுக்கையில் சிறுநீர் கழிப்பதற்கு மலாய் மக்கள் வழங்கும் தொடர் அது. ‘மாலம்’ என்றால் இரவு. ‘எந்நேரமும்’ என்ற பாட்டியின் சொல் அந்த இடத்திலேயே ‘இரவில்’ என்று சுருங்கிவிட்டது. குறிப்பேட்டிலும் அவ்வாறே பதிவாயிற்று. வளர வளரச் சரியாகிவிடும் என்று அனுப்பிவைத்தனர். மொழிபெயர்த்த பெண்மணியை நாம் குறை கூறவில்லை. தயாராகக் கிடக்கும் தொடரை எடுத்து வழங்குவது மொழியின் இயல்பு.

அடுத்த ஆண்டு வேறொரு மருத்துவமனைக்கு அவர்களோடு நாமும் செல்ல நேர்ந்தது. காத்திருக்கும் நேரத்தில் பாட்டியிடம் ஒன்று கேட்டோம்: ‘பிள்ளை ஒழுங்காகக் கழிவறைக்குப் போவதில்லையா?’ ‘அதெல்லாம் நேரத்துக்குப் போறா. போய்ட்டு வந்தாலும் ஈரமாவேதான் இருக்கு’ என்றார். அத்தொடரை அப்படியே மருத்துவரிடம் எடுத்துரைத்தோம். ‘போகிறாள், ஆயினும் ஈரமாகவே இருக்கிறாள்’ என்பதை அவர் இருமுறை சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொண்டார். நோய் பாதி கண்டறியப்பட்டது அப்போதுதான் என்று பிறகு நம்மிடம் சொன்னார்.

அந்த வாக்கியத்தில் அப்படி என்ன இருக்கிறது என்பதை அறியச் சிறுநீர்ப்பாதையின் அமைப்பைச் சற்றே பார்க்கவேண்டும். சிறுநீரகங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறுநீர்நாளம் இறங்கிச் சிறுநீர்ப்பையின் பின்சுவரில் திறக்கிறது. பையில் தேங்கும் நீர், கீழே உள்ள குழாய் வழியே உடலைவிட்டு வெளியேறுகிறது. பாடநூல்கள் சில இக்குழாயைப் ‘புறவழி’ என்கின்றன. இக்காலத்தில் புறவழி என்றதும் ஊரைச் சுற்றிச் செல்லும் சாலையே நினைவுக்கு வருவதால் நாம் ‘வெளிக்குழாய்’ என்றே வழங்குவோம். வெளிக்குழாயைச் சூழ்ந்து ஒரு சுருக்குத்தசை உண்டு. நாம் விரும்பும்போது மட்டும் நீர் வெளியேறுமாறு காப்பது அதுவே.

கரு உருவாகி ஐந்தாம் வாரமளவில், பின்னர் சிறுநீர்நாளமாக மாறவிருக்கும் சிறு மொட்டு ஒன்று ஒவ்வொரு பக்கத்திலும் அரும்புகிறது. சிலரிடம் ஒரே பக்கத்தில் இரு மொட்டுகள் அரும்பிவிடுவதுண்டு. அப்போது அப்பக்கச் சிறுநீரகம் மேற்பகுதி, கீழ்ப்பகுதி என ஈரடுக்காக அமைந்து, தனித்தனியே இரண்டு நாளங்கள் இறங்குகின்றன. அவை பைக்குள் உரிய இடத்தில் திறந்தால் வாழ்நாள் முழுவதும் எத்தொல்லையும் இராது. ஆனால் இரு நாளங்களின் இறங்குமுகத்தில் ஒரு விந்தை உண்டு. சிறுநீரகத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் நாளமே கீழே போய்த் திறக்கும். கீழ்ப்பகுதியின் நாளம் மேலே திறக்கும். செருமானிய அறிஞர் வைகெர்ட் 1877இல் கண்டதையும், மாயர் 1907இல் விளக்கியதையும் இணைத்து இதனை வைகெர்ட்–மாயர் விதி என்று வழங்குகின்றனர். மேற்பகுதி நாளம் அளவுக்குமீறிக் கீழிறங்கினால், பையைத் தவறவிட்டு வேறிடத்தில் திறந்துவிடுகிறது. இதனை இடம்மாறிய சிறுநீர்நாளம் எனலாம்.

பெண்மக்களிடம் அந்நாளம் சுருக்குத்தசைக்கும் கீழே, வெளிக்குழாயிலோ பெண்ணுறுப்பின் வாயிலிலோ திறக்கக்கூடும். காவலாளி ஒரு வாயிலில் நிற்க, வேறொரு வழி திறந்தே கிடப்பதுபோல் ஆகிறது. சிறுநீரகம் இரவும் பகலும் நீரைச் சுரந்துகொண்டே இருப்பது; ஆகவே இரவும் பகலும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதே வேளையில், மற்றச் சிறுநீரகமும் இப்பக்கத்தின் கீழ்ப்பகுதியும் பையை முறையாக நிரப்புவதால், பிள்ளை எல்லாரையும்போல் நேரத்திற்குக் கழிவறைக்கும் செல்வாள். பாட்டி சொன்ன இரு பகுதிகளும், ‘போகிறாள்’ என்பதும் ‘ஈரமாகவே இருக்கிறாள்’ என்பதும், இந்த இரு வழிகளையே குறிக்கின்றன. ஆண்மக்களிடம் இடம்மாறிய நாளம் எப்போதும் சுருக்குத்தசைக்கு மேலேயே திறப்பதால் இக்கசிவு நேர்வதில்லை. அவர்களிடம் இது கிருமித்தொற்றாகவோ வேறு வகையிலோ வெளிப்படும்.

இனி, கண்டறியும் முறை. மருத்துவர் முதலில் நேரில் பார்த்தே சில வேளைகளில் கண்டுகொள்வார். துடைத்துவிட்டுச் சற்று நேரம் உற்றுநோக்கினால் துளித்துளியாக நீர் ஊறுவது தெரியும். ஒலியலைப் படம் ஈரடுக்குச் சிறுநீரகத்தையும் விரிந்த நாளத்தையும் பெரும்பாலும் காட்டிவிடும். ஆனால் அந்த மேற்பகுதி மிகச் சிறிதாக, வளர்ச்சி குன்றி இருந்தால் ஒலியலையில் தப்பிவிடவும் கூடும். அப்போது காந்தப்புலப் படமும், கதிரியக்கக் குறிப்பொருளைச் செலுத்தி எடுக்கும் சிறுநீரகப் படமும் துணைபுரிகின்றன. பழைய சோதனை ஒன்றும் உண்டு. அதன் எளிமை நம்மை வெகுவாகக் கவர்ந்தது. மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் நீலச்சாயம் கலந்த நீரைச் செலுத்திவிட்டு, பிள்ளைக்கு வெள்ளைத் துணிப்பட்டை அணிவிப்பர். பட்டை நீலமாக நனைந்தால் நீர் பையிலிருந்து வருகிறது. நிறமின்றி நனைந்தால் அது பைக்குள் வராமலே வெளியேறும் நீர். நம் சிறுமியின் துணி வெள்ளையாகவே நனைந்தது.

சிகிச்சையைத் தீர்மானிப்பது அந்த மேற்பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதே. பயனின்றிச் சுருங்கியிருந்தால் அப்பகுதியை மட்டும் அறுவையால் நீக்கிவிடுவர். கீழ்ப்பகுதி அப்படியே இயங்கும். நல்ல நிலையில் இருந்தால், இடம்மாறிய நாளத்தைப் பக்கத்து நாளத்தோடு இணைப்பர். அல்லது பைக்குள் மாற்றி வைத்துத் தைப்பர். நம் சிறுமிக்கு முதல்வகை. அறுவைக்குப் பிந்திய நாள்களில் பாட்டி ஓயாமல் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘காஞ்சிருக்கு’ என்று அவர் சொன்ன அந்த ஒரு வினைமுற்றை நாம் மறக்கவியலாது. எட்டு ஆண்டுகளாக அவ்வீட்டில் அந்தப் பிள்ளையைப்பற்றி எவரும் வழங்காத சொல் அது.

படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் இந்நோய் இருக்குமோ என எவரும் அஞ்சவேண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேரளவில் இரவில் படுக்கையை நனைப்பவரே. ஆண்டுதோறும் அத்தொகை குறைந்துகொண்டே வரும். அது பிள்ளையின் சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று, உறக்கத்தில் நேர்வது. வேறுபாடு இடைவெளியில் இருக்கிறது. படுக்கை நனைக்கும் பிள்ளை பகல் முழுவதும் உலர்ந்திருக்கும். பகலில் அவசரத்தில் நனைக்கும் பிள்ளைக்கும் நனைப்புகளுக்கு இடையே உலர்ந்த மணிநேரங்கள் உண்டு. இடம்மாறிய நாளமுடைய பிள்ளைக்கோ பிறந்தநாள் முதல் உலர்ந்த இடைவெளியே பெரும்பாலும் இராது. பிள்ளைகளின் சிறுநீர்க் கட்டுப்பாடு குறித்து ஆராயும் பன்னாட்டுக் குழு 2006இல் இத்துறைக் கலைச்சொற்களை ஒழுங்குபடுத்தியபோது செய்த முதன்மையான பிரிவினைகளுள் இதுவும் ஒன்று: ‘இடையறாத கசிவு’ வேறு, ‘விட்டுவிட்டு நேரும் கசிவு’ வேறு. முன்னது பெரும்பாலும் உறுப்பமைப்பின் மாறுபாட்டையே சுட்டும். இரவில் நனைப்பதற்குரிய சொல்லைப் பகல் நனைப்புக்கும் வழங்கிவந்த பழக்கத்தையும் அக்குழு கைவிடச் செய்தது. ஆங்கில மருத்துவர்கள் கலைச்சொல் வகுத்துப் பெற்ற இப்பிரிவினையைத் தமிழ்ப் பாட்டியர் ‘நனைச்சிடுறா’, ‘நனைஞ்சிக்கிட்டே இருக்கா’ எனத் துணைவினையாலேயே பிரித்துப் பேசுகின்றனர் என்பதைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. மலாய்மொழியும் இதில் குறைந்ததன்று. ‘கென்சிங்’ என்றால் சிறுநீர் கழித்தல். ‘தெர்கென்சிங்’ என்றால் தன்னையறியாமல் கழித்துவிடுதல். ‘தெர்’ என்னும் அந்த முன்னொட்டு நம் ‘விடு’ என்னும் துணைவினையைப்போல் பிள்ளையைக் குற்றத்தினின்று விடுவிக்கிறது. எனினும் இடையறாமையை அது சொல்வதில்லை. அதற்கு வேறு சொல் வேண்டும்.

அப்படியாயின் இடர் எங்கே இருக்கிறது? நம் நாணத்தில் இருக்கிறது. அவையில் சொல்லத் தகாதவற்றை மறைத்துச் சொல்லும் மரபைத் தொல்காப்பியம் அவையல்கிளவி என்று பேசுகிறது. பின்வந்த நன்னூல் இடக்கரடக்கல் என்று தகுதி வழக்கில் வைக்கிறது. ‘சிறுநீர்’ என்பதே ஓர் இடக்கரடக்கல்தான். ‘ஒன்றுக்குப் போதல்’, ‘வெளியே போதல்’ எல்லாம் அவ்வகையின. அவைக்கு இவை அழகு. மருத்துவரின் அறைக்குள் இவை போதா. ‘ஒன்றுக்குப் போவதில் கொஞ்சம் சங்கடம்’ என்ற தொடரிலிருந்து எந்த மருத்துவராலும் எதையும் அறிய முடியாது. தமிழில் நீர் வெளிப்படுவதற்குரிய வினைகள் எத்தனை! கசிதல், ஊறுதல், சொட்டுதல், ஒழுகுதல், பாய்தல், பீய்ச்சுதல், தெறித்தல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை ஓட்டம். கூரை ஒழுகுவதையும் பானை கசிவதையும் நாம் மாற்றிச் சொல்வதில்லை. பிள்ளையின் உடலைப்பற்றிப் பேசும்போது மட்டும் எல்லாவற்றையும் ‘சங்கடம்’ என்பதற்குள் அடக்கிவிடுகிறோம்.

ஆண்மக்களிடம் இந்த வினைகள் இன்னும் முக்கியமாகின்றன. நலமான சிறுவன் நின்று கழித்தால் நீர் தாரையாகப் பீய்ச்சும். முக்கி முக்கிக் கழிக்கிறான், தாரை மெலிந்து சொட்டுகிறது, நின்று நின்று வருகிறது என்றால், அவன் வெளிக்குழாயின் உட்பகுதியில் பிறவியிலேயே ஒரு மெல்லிய சவ்வு குறுக்கே அமைந்திருக்கலாம். ஏறத்தாழ 5000 முதல் 8000 ஆண்குழந்தைகளில் ஒருவருக்கு இது அமைகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய ஹியூ யங் என்னும் மருத்துவர் 1919இல் இதனை வகைப்படுத்தி எழுதினார். அவர் காலந்தொட்டு இதற்கு ஆங்கிலத்தில் ‘வால்வு’ என்றே பெயர். அச்சொல்லை அப்படியே தமிழில் சொல்லும்போது ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. நம்மவர்க்கு வால்வு என்பது மிதிவண்டிச் சக்கரத்திலும் இதயத்திலும் இருக்கவேண்டிய ஒன்று. ‘உங்கள் மகனுக்கு வால்வு இருக்கிறது, அதனை எரித்து நீக்கவேண்டும்’ என்று கேட்கும் தந்தை, ‘இருப்பதை ஏன் நீக்கவேண்டும், பழுது பார்க்கக் கூடாதா’ என்று தயங்குவது இயல்பே. உண்மையில் அது இருக்கக்கூடாத ஒரு மடிப்பு. ‘தடைச்சவ்வு’ என்று சொன்னால் தயக்கத்திற்கு இடமில்லை.

தடைச்சவ்வின் தீங்கு கருவிலேயே தொடங்கிவிடுகிறது. கருப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பங்கு கருவின் சிறுநீரே. அந்நீர் வெளியேறாவிடில் பனிக்குடம் வற்றுகிறது. பனிக்குட நீர் குறைந்தால் கருவின் நுரையீரல் முழுமையாக வளர்வதில்லை. கருக்கால ஒலியலைப் படத்தில் நிரம்பித் தடித்த பையும் அதன்கீழ் விரிந்த குழாயும் சேர்ந்து சாவித்துளை உருவில் தெரிந்தால் மருத்துவர் ஐயுறுவர். பிறந்தபின் உறுதிசெய்ய ஒரு படம் உண்டு: பையைக் குழாய்வழி மருந்துநீரால் நிரப்பி, பிள்ளை அதனைக் கழிக்கும்போதே எக்ஸ்ரே எடுப்பர். முதலில் குழாயிட்டு நீரை வடியவிட்டு, குருதியில் உப்புகளின் அளவைச் சீராக்குவர். பிறகு மெல்லிய உள்நோக்கியைச் செலுத்திச் சவ்வை வெட்டியோ எரித்தோ நீக்குவர். கருவி நுழையவியலாத அளவுக்குக் குழந்தை சிறிதாயிருந்தால், அடிவயிற்றில் பைக்குத் தற்காலிக வாயில் ஒன்று அமைத்துக் காத்திருப்பர்.

சவ்வை நீக்கியதோடு கதை முடிவதில்லை என்பதைத்தான் ஆசிரியர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். தடையை எதிர்த்து மாதக்கணக்கில் உழைத்த பை தடித்து விறைத்திருக்கும்; சிறுநீரகமும் நலிந்திருக்கலாம். இப்பிள்ளைகளுள் கணிசமானோர்க்கு வளர்ந்தபின் சிறுநீரகச் செயலிழப்பு வருவதுண்டு; ஆகவே பெரியவர்களாகும்வரை கண்காணிப்புத் தேவை. சிலர் சில மணிநேரத்திற்கு ஒருமுறை தாமே மெல்லிய குழாயிட்டுப் பையை வெறுமையாக்கவேண்டும். மிச்சிகனில் பணியாற்றிய ஜாக் லாபிடெஸ் 1972இல் வெளியிட்ட இம்முறைக்குக் கிருமிநீக்கிய அறையும் கையுறையும் வேண்டியதில்லை. கழுவிய கையும் தூய குழாயும் போதும். ஆனால் பூட்டக்கூடிய கதவுள்ள ஒரு கழிவறையும், பாடவேளையின் நடுவே எழுந்து செல்லும் உரிமையும் வேண்டும். ‘மணி அடிக்கட்டும், பிறகு போ’ என்ற சொல் அப்பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

அரிதினும் அரிதான ஒன்றையும் குறிப்பிடுவோம். கொலம்பியா நாட்டு மருத்துவர் பெர்னார்டோ ஒச்சோவா, சிறுநீர்ப்பை சரிவர வெறுமையாகாத சில பிள்ளைகள் சிரிக்க முயலும்போது அவர்கள் முகம் அழுவதுபோல் கோணுவதைக் கவனித்தார். இரண்டும் ஒரே பிறவிக்கோளாற்றின் இரு முகங்கள். அதற்குக் காரணமான மரபணுக்களுள் ஒன்று 2010இல் கண்டறியப்பட்டது. சிரிக்கும் பிள்ளையை ‘ஏன் அழுகிறாய்’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே, அந்த முகத்தைச் சரியாகப் படித்தவர் அவர்.

பெயர்களைப்பற்றி இன்னும் ஒரு சொல். வயிற்றுத்தசை வளராமல் தோல் சுருங்கியிருக்கும் ஒரு பிறவிநிலைக்கு, உலர்ந்த பழத்தின் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வழங்குகிறது. அதனைத் தமிழாக்கம் செய்ய நம்மைக் கேட்டபோது மறுத்துவிட்டோம். அப்பெயரைத் தாங்கப்போகும் பிள்ளை அதனை ஒருநாள் வாசிப்பான். ஈகிள்–பாரெட் கூட்டுநோய் என்ற மாற்றுப்பெயர் இருக்கவே இருக்கிறது. ‘பிறவிக் குறை’ என்ற சொல்லையும் நாம் தவிர்த்து வருகிறோம்; இக்கட்டுரையில் ‘மாறுபாடு’ என்றே எழுதினோம். ‘குறை’ என்றதும் தாய் என்ன தின்றாள், கிரகணத்தில் எங்கே நின்றாள் என்னும் விசாரணை வீட்டில் தொடங்கிவிடும். ஐந்தாம் வாரத்தில் ஒரு மொட்டு இரண்டாக அரும்பியதற்கு எந்தத் தாயும் பொறுப்பல்லள். அவ்வாரத்தில் தான் கருவுற்றிருப்பதையே அவள் உறுதியாக அறிந்திருப்பாளா என்பது ஐயம்.

ஐயத்திற்குரிய பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் ஆசிரியரால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பெற்றோரிடம் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுத்து, இரண்டு மூன்று நாள்களுக்கு, கழிவறைக்குச் சென்ற நேரத்தையும் துணி ஈரமாயிருந்த நேரத்தையும் தனித்தனியே எழுதிவரச் சொல்லலாம். பள்ளி நேரத்தில் பிள்ளை எத்தனை முறை எழுந்து சென்றது என்பதைத் தாமும் ஓசையின்றிக் குறித்துத் தரலாம். மருத்துவரிடம் செல்லும் பெற்றோர்க்கு மலாயோ ஆங்கிலமோ தடுமாறும் எனில், மூன்று கேள்விகளுக்குரிய விடைகளை அம்மொழியில் எழுதிக் கையில் கொடுத்தனுப்பலாம். பிள்ளை தானாகவே கழிவறைக்குச் சென்று முறையாகக் கழிக்கிறதா? கழித்துவிட்டு வந்த அரைமணி நேரத்திற்குள் துணி மீண்டும் ஈரமாகிறதா? பிறந்ததுமுதல் இன்றுவரை ஒருநாளேனும், ஒரு வேளையேனும், முழுவதும் உலர்ந்திருந்ததா?